பெரும்பான்மையை மட்டும் பார்த்தால் லிங்கன் புரியாது

1992ல் இங்கிலாந்தின் லிங்கன் தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சியின் கென்னத் கார்லைல் வாங்கிய ஓட்டு 28,792. பெரும்பான்மை 2,049. 2024ல் அதே லிங்கனில் லேபர் கட்சியின் ஹேமிஷ் ஃபால்கனர் வாங்கியது 20,340. பெரும்பான்மை 8,793. எட்டாயிரத்துச் சொச்சம் ஓட்டு குறைவாக வாங்கியவர் நாலு மடங்குக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறார்.

இன்னொன்றையும் பாருங்கள். 2019ல் லேபர் அங்கே 20,753 ஓட்டு வாங்கித் தோற்றது. 2024ல் அதைவிட 413 ஓட்டு குறைவாக வாங்கி அபாரமாக ஜெயித்தது.

பினாங்கில் ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள் காலை கோப்பிக்கடையில் முதலில் விழும் கேள்வி “மெஜாரிட்டி எவ்வளவு?” என்பதுதான். அந்தப் பழக்கத்தோடு லிங்கன் பட்டியலைத் திறந்தால் தலை சுற்றும். முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் உள்ள இடைவெளிதான் பெரும்பான்மை. முதல் ஆள் வளர்ந்தாலும் அது கூடும், இரண்டாம் ஆள் சரிந்தாலும் கூடும். இரண்டில் எது நடந்தது என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. லிங்கனின் நவீன தேர்தல் வரலாற்றில் பாதி, இரண்டாம் இடத்துக்காரருக்கு என்ன ஆனது என்பதுதான்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்க அதிபர் லிங்கனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது கிழக்கு இங்கிலாந்தில், ரோமானியர் காலத்து ஊர். குன்றின் உச்சியில் பெரிய தேவாலயமும் கோட்டையும். 1215ஆம் ஆண்டு உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவில் மிஞ்சியிருக்கும் நான்கு மூலப்படிகளில் ஒன்று இந்த ஊர்த் தேவாலயத்துக்குச் சொந்தம். குன்றின் அடியில் விதம் ஆறு, அதை ஒட்டித் தொழிற்சாலைகள், தொழிலாளர் வரிசை வீடுகள். முதல் உலகப்போரில் டாங்கி என்ற வாகனம் 1915ல் முதன்முதலாகச் செய்யப்பட்டது இந்தக் கீழ்ப்பகுதியில்தான். மேலே ஏறும் தெருவின் பெயரே செங்குத்து மேடு என்று பொருள்படும். பினாங்கின் தண்ணீர்மலைப் படி ஏறிப் பழகியவர்களுக்கு அந்த மூச்சிரைப்பு புதிதல்ல. மேட்டில் இருப்பவர்கள் ஒருபக்கமும் பள்ளத்தில் இருப்பவர்கள் மறுபக்கமும் ஓட்டுப்போடுவார்கள் என்பது அந்த ஊர் அரசியலின் பழைய பாடம்.

லிங்கன் நகரம் நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பத் தொடங்கியது 1265ல், சைமன் டி மோன்ஃபோர்ட் கூட்டிய மன்றத்துக்கு. ஆங்கிலேயரான ஃபிரான்சிஸ் லைட் பினாங்கில் கால்வைக்க அதற்குப் பிறகு 521 ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த நூற்றாண்டுகளை ‘மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று படித்துவிடக்கூடாது. ஓட்டுரிமை மிகச் சிலருக்கே இருந்தது. அவர்களும் 1872 வரை ரகசியமாக ஓட்டுப்போடவில்லை. மேடையேறி, யாருக்கு என் ஓட்டு என்று எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். பக்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர் நின்றுகொண்டிருப்பார்.

1885 வரை லிங்கனுக்கு இரண்டு உறுப்பினர்கள். பழைய பட்டியலில் ஒரே ஆண்டுக்கு இரண்டு பெயர் இருப்பது அச்சுப்பிழை அல்ல. ஒரே தேர்தலில் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் சேர்ந்து ஜெயிப்பதும் நடந்திருக்கிறது. ஓட்டருக்கு இரண்டு ஓட்டு. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை வீணாக்கலாம். ஆகவே அந்தக் காலத்து மொத்த ஓட்டுகளைக் கூட்டினால் வருவது ஆள் கணக்கு அல்ல. விழுக்காடு போட்டுப் பார்ப்பவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

அந்தக் காலத்தின் சுவையான ஆள் கர்னல் சார்ல்ஸ் சிப்தார்ப். 1826 முதல் 1855ல் இறக்கும்வரை, நடுவில் சில ஆண்டுகள் தவிர, லிங்கனின் உறுப்பினர். ரயில் வேண்டாம் என்றார். 1851ல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சி வேண்டாம் என்றார். விக்டோரியா அரசியின் கணவருக்கு ஆண்டுக்கு 50,000 பவுன் படி தர அரசு கேட்டபோது, 30,000 போதும் என்று திருத்தம் கொண்டுவந்து ஜெயித்தும் காட்டினார். அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் அவர் மகன். அப்பாவின் தொகுதி பிள்ளைக்கு என்ற கதை பினாங்கின் புக்கிட் குளுகோர்க்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

சார்ல்ஸ் சீலி என்பவர் 1847ல் ஜெயித்தார். அடுத்த ஆண்டே மனு விசாரணையில் அவர் தேர்வு செல்லாது என்றாகிவிட்டது. ஓட்டருக்குச் சாப்பாடும் குடியும் வாங்கிக்கொடுத்து மனதை மாற்றும் குற்றம் காரணம். 1861ல் திரும்பி வந்து 1885 வரை இருந்தார் என்பது வேறு கதை. இதைப் பழங்கதை என்று தள்ளவேண்டாம். நம் மலேசியாவின் 1954ஆம் ஆண்டு தேர்தல் குற்றங்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதே விருந்துக் குற்றத்தைத்தான் சொல்கிறது. 9ஆம் பிரிவு மிரட்டல், 10ஆம் பிரிவு லஞ்சம். வரிக்கு வரி பிரிட்டிஷ் வழி வந்தவை. செலவு வரம்பும் அப்படியே: அங்கே 1883ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கிவைத்தது, இங்கே நாடாளுமன்ற வேட்பாளருக்கு 200,000 ரிங்கிட், சட்டமன்றத்துக்கு 100,000. 2018 பொதுத்தேர்தலில் கேமரன் மலை முடிவு செல்லாது என்று அறிவிக்கப்பட்டு 2019 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்ததே, அதன் வேர் இந்த மாதிரிச் சட்டங்களில்தான் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியை வேகமாகத் தாண்டலாம். 1906ல் லிபரல், 1918ல் கன்சர்வேட்டிவ், 1924ல் லேபர், 1931ல் மறுபடி கன்சர்வேட்டிவ், 1945ல் லேபர். பெரும்பாலும் நாட்டில் காற்று எந்தப் பக்கமோ ஊரும் அந்தப் பக்கம், 1924 மாதிரி காற்றுக்கு எதிராகப் போனதும் உண்டு. 1950 முதல் லேபரின் ஜெஃப்ரி டி ஃப்ரீட்டஸ். அவர் கானாவுக்குத் தூதராகப் போனதால் 1962 மார்ச்சில் இடைத்தேர்தல். அதில் வந்தவர்தான் டிக் டேவர்ன்.

லிங்கன் பெயர் அரசியல் பாடப்புத்தகங்களில் இருப்பதற்கு ஒரே காரணம் இவர்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும்.

டேவர்ன் லேபர் அரசில் நிதித்துறையில் இளைய அமைச்சராக இருந்தவர். 1971 அக்டோபர் 28 அன்று ஐரோப்பியப் பொதுச்சந்தையில் பிரிட்டன் சேரலாமா என்ற ஓட்டெடுப்பு. ஆளும் கன்சர்வேட்டிவ் அரசு சேரலாம் என்றது. லேபர் தலைமை எதிர்த்து ஓட்டுப்போடச் சொன்னது. ராய் ஜென்கின்ஸ் தலைமையில் 69 லேபர் உறுப்பினர்கள் கட்சிக் கட்டளையை மீறி அரசோடு சேர்ந்து ஓட்டுப்போட்டார்கள். 356க்கு 244 என்று தீர்மானம் நிறைவேறியது. டேவர்ன் அந்த 69ல் ஒருவர்.

லிங்கன் லேபர் கிளை பொறுக்கவில்லை. அடுத்த தேர்தலில் உமக்கு சீட் இல்லை என்று 1972ல் சொல்லிவிட்டது. கவனியுங்கள், கட்சி அவரை நீக்கவில்லை. அவர் அப்படியே உட்கார்ந்து பதவிக்காலத்தை முடித்திருக்கலாம். வேறு கட்சிக்குத் தாவியிருக்கலாம், பிரிட்டனில் அதற்கு இன்றுவரை தடை கிடையாது. அவர் செய்தது மூன்றாவது வழி. கட்சியை விட்டார், பதவியையும் விட்டார், அதே தொகுதியில் மறுபடி மக்களிடம் போனார்.

பிரிட்டனில் உறுப்பினர் நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது என்பது பலருக்குத் தெரியாது. 1624ஆம் ஆண்டுத் தீர்மானம் அதைத் தடுக்கிறது. அரசரிடம் சம்பளப் பதவி வாங்கினால் இருக்கை போய்விடும் என்ற விதியை வைத்துத்தான் வெளியே வருகிறார்கள். அதற்கென்றே வேலை ஏதும் இல்லாத இரண்டு பெயரளவுப் பதவிகள் வைத்திருக்கிறார்கள்: சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் ஒன்று, நார்த்ஸ்டெட் மேனர் மற்றொன்று. மாறிமாறிக் கொடுப்பார்கள். வாங்கிய நிமிடமே உறுப்பினர் பதவி காலி.

டேவர்ன் 1972 அக்டோபரில் வெளியேறினார். இடைத்தேர்தல் நடந்தது 1973 மார்ச் 1ல். நாலரை மாதம் ஏன்? காலியான இடத்துக்குத் தேர்தல் ஆணை கேட்டு அவையில் தீர்மானம் கொண்டுவருவது அந்த இடத்தை வைத்திருந்த கட்சியின் கொறடா என்பது அங்கே மரபு. லேபர் அவசரப்படவில்லை. மூன்று மாதத்துக்குள் கொண்டுவரவேண்டும் என்ற பரிந்துரையே 1973ல்தான் வந்தது. நம்மிடம் இந்தச் சில்லறை விளையாட்டு நடக்காது. அரசியலமைப்பின் 54ஆம் பிரிவு 60 நாள் கெடு வைத்திருக்கிறது.

முடிவு இது. ஜனநாயக லேபர் என்ற பெயரில் நின்ற டேவர்ன் 21,967. லேபரின் ஜான் டில்க்ஸ் 8,776. கன்சர்வேட்டிவின் ஜானதன் கின்னஸ் 6,616. கடைசி மூன்று பேர் முறையே 198, 100, 81. டேவர்னுக்கு 58.2 விழுக்காடு, பெரும்பான்மை 13,191.

இந்த எண்களில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒன்று, ஓட்டுச்சீட்டில் வேட்பாளரின் கட்சிப் பெயர் அச்சிட அனுமதித்ததே 1969ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதற்கு முன் வெறும் பெயர், முகவரி, தொழில். ஐந்து வருடம் முன்னால் இது நடந்திருந்தால் ‘ஜனநாயக லேபர்’ என்று சீட்டிலேயே போட்டுக்கொண்டிருக்க முடியாது. கட்சிப் பெயர்களைப் பதிவுசெய்யும் முறை 1998ல்தான் வந்தது என்பதால், எங்கள் பெயரைக் கடன் வாங்கிவிட்டார் என்று லேபராலும் தடுக்க முடியவில்லை. இரண்டாவது, கன்சர்வேட்டிவ் ஓட்டு. வழக்கமாக அந்தத் தொகுதியில் ஜெயிக்கும் தூரத்தில் இருக்கும் கட்சி 17.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. கின்னஸ் கட்சியின் வலது ஓரத்து அணியின் தலைவர். லேபருக்குப் பாடம் புகட்ட இதுதான் சமயம் என்று மிதவாத கன்சர்வேட்டிவ் ஓட்டர்கள் டேவர்ன் பக்கம் சாய்ந்தார்கள். அந்த 13,191ல் ஒரு பெரும் பங்கு இரவல் ஓட்டு.

இரவல் என்று ஏன் சொல்கிறோம் என்றால், ஒரே வருடத்தில் அது திரும்பிப் போய்விட்டது. 1974 பிப்ரவரி பொதுத்தேர்தலில் டேவர்ன் 14,780, லேபரின் மார்கரெட் ஜாக்சன் 13,487. வித்தியாசம் 1,293. அதே ஆண்டு அக்டோபரில் ஜாக்சன் 14,698, டேவர்ன் 13,714. 984 ஓட்டில் தோற்றார். இடையில் 1973லேயே அவருடைய ஆட்கள் லிங்கன் நகர மன்றத்தைக் கைப்பற்றியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான், இது ஒரு ஆளின் ஒருநாள் கூத்து அல்ல என்பது புரியும்.

பட்டியல் தேடுபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று: 1974ல் ஜாக்சன், 1979ல் பெக்கெட். இரண்டும் ஒரே பெண்மணி, நடுவில் கல்யாணம். 1979ல் அவர் கன்சர்வேட்டிவின் கார்லைலிடம் தோற்றார்: 17,777க்கு 17,175, வெறும் 602 ஓட்டு. பிறகு டெர்பிக்குப் போய் 1983 முதல் 2024 வரை உறுப்பினராக இருந்து, 2006ல் பிரிட்டனின் முதல் பெண் வெளியுறவு அமைச்சர் ஆனார்.

டேவர்ன் செய்ததை மலேசியாவில் ஒருவர் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு மூன்று காலத்துக்கு மூன்று பதில் உண்டு.

1990க்கு முன்: செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். 1988ல் ஜொகூர் பாரு உறுப்பினர் ஷாரிர் அப்துல் சாமாட் பதவியை விட்டு, சுயேச்சையாக நின்று, அந்த ஆகஸ்டு மாத இடைத்தேர்தலில் ஜெயித்தார். லிங்கனின் அச்சு நகல்.

1990ல் அரசியலமைப்பின் 48ஆம் பிரிவில் 6ஆம் உட்பிரிவு சேர்ந்தது. மக்களவை உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்தால் ஐந்தாண்டுக்கு மறுபடி உறுப்பினராக முடியாது. விளைவைப் பாருங்கள். பதவியை வைத்துக்கொண்டே கட்சி தாவியவருக்குத் தண்டனை இல்லை. பதவியைத் துறந்து மக்களிடம் திரும்பிப் போக நினைத்தவருக்கு ஐந்தாண்டு வனவாசம். தவளைக்குக் குளம், யோக்கியனுக்குக் காடு. பினாங்குக்காரர்களுக்கு இதன் நேரடிச் சாட்சி பெர்மாத்தாங் பாவ். 2008 ஜூலை 31ல் டாக்டர் வான் அசிசா அந்த இடத்தை விட்டுக்கொடுத்தார். ஆகஸ்டு 26 இடைத்தேர்தலில் அவர் கணவர் அன்வார் 15,671 பெரும்பான்மையில் வந்தார். வான் அசிசாவுக்கோ 2013 மே பொதுத்தேர்தலில் மக்களவைக்கு நிற்க வழியில்லை, ஐந்தாண்டு முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அவர் மக்களவைக்குத் திரும்பியது 2015 மே இடைத்தேர்தலில், அதே பெர்மாத்தாங் பாவில்.

2022 அக்டோபர் 5 முதல் மூன்றாவது காலம். 49ஏ பிரிவு வந்தது, 48ஆம் பிரிவின் அந்த ஐந்தாண்டுத் தடை நீங்கியது. இப்போது ஒரு கட்சியின் சார்பில் ஜெயித்தவர் அந்தக் கட்சியிலிருந்து விலகினால் இடம் காலி. சுயேச்சையாக ஜெயித்தவர் கட்சியில் சேர்ந்தாலும் காலி. எழுத்துமூலம் அறிவிப்பு கிடைத்த 21 நாளுக்குள் சபாநாயகர் முடிவைத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும், பிறகு இடைத்தேர்தல். விலகியவரே மறுபடி நிற்கலாம். அதாவது டேவர்ன் தானாகச் செய்ததை நம் சட்டம் இப்போது கட்டாயமாக்குகிறது.

ஆனால் ஓட்டைகள் உண்டு. கட்சி நீக்கினால் இடம் போகாது. கட்சி கலைக்கப்பட்டாலும், சபாநாயகராவதற்காக விலகினாலும் போகாது. கட்சியில் இருந்துகொண்டே எதிரணிக்கு ஆதரவு என்று சொன்னாலும் போகாது. 2024ல் பெர்சத்து கட்சி உறுப்பினர்கள் 6 பேர் விஷயத்தில் அவர்களின் இடம் காலியாகவில்லை என்றே சபாநாயகர் முடிவெடுத்தார். லிங்கன் கிளை டேவர்னுக்கு சீட் மறுத்தது போன்ற செயலும் 49ஏ கணக்கில் வராது. சட்டமன்றத்துக்கு வேறு ஏற்பாடு. கட்சி தாவலைத் தடுக்கும் பினாங்கு மாநில அரசியலமைப்பின் 14ஏ பிரிவு 2012லேயே வந்துவிட்டது. அது செல்லும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் சொன்னது.

சரி, மறுபடி லிங்கன். 1974 அக்டோபரிலிருந்து அந்த ஊருக்கு இன்னொரு பெயர் கிடைத்தது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வருகிறதோ அந்தக் கட்சி லிங்கனில் ஜெயிக்கும். 1979, 1983, 1987, 1992 கன்சர்வேட்டிவ். 1997, 2001, 2005 லேபர். 2010, 2015 கன்சர்வேட்டிவ். 2017ல்தான் சங்கிலி அறுந்தது: கன்சர்வேட்டிவ் ஆட்சியில் தொடர்ந்தது, லிங்கனில் லேபரின் கேரன் லீ ஜெயித்தார். 2019, 2024 இரண்டிலும் மறுபடி ஆளுங்கட்சி.

இந்தக் காலத்தைப் படிக்க நல்ல வழி கார்ல் மெக்கார்ட்னி என்ற ஒரே ஆளைப் பின்தொடர்வது. 2010 முதல் 2024 வரை ஐந்து தேர்தலிலும் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் அவர்தான். 2010ல் 17,163, பெரும்பான்மை 1,058. 2015ல் 19,976, பெரும்பான்மை 1,443. 2017ல் 21,795 வாங்கி 1,538 ஓட்டில் தோல்வி. 2019ல் 24,267, பெரும்பான்மை 3,514. 2024ல் 11,547, தோல்வி. 2017ஐக் கவனியுங்கள். ஜெயித்த தேர்தலைவிட 1,819 ஓட்டு அதிகம் வாங்கித் தோற்றார். அவர் ஓட்டு குறையவில்லை, லேபர் ஓட்டு 18,533லிருந்து 23,333க்கு ஏறிவிட்டது. ஆற்றங்கரைப் பழைய தொழிற்பகுதியில் 1996ல் பல்கலைக்கழக வளாகம் திறந்ததிலிருந்து ஊரில் மாணவர் கூட்டம் பெருகியது. அந்த ஆண்டு இளையோர் லேபர் பக்கம் திரண்டதில் அதற்கும் பங்குண்டு.

2024ல் நடந்தது நேர் எதிர். லேபர் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது. கன்சர்வேட்டிவ் ஓட்டு பாதிக்கும் கீழே போனது. ஒரு பகுதி வலதுசாரி ரிஃபார்ம் கட்சிக்கு, இன்னொரு பகுதி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. முதலில் சொன்ன 8,793 பெரும்பான்மையின் உட்புறம் இதுதான்.

சாய்வு என்று டிவியில் சொல்கிறார்களே, அதைக் கணக்கிடுவது சுலபம். முன்னணி இரு கட்சிகளுக்கும் இடையே உள்ள விழுக்காட்டு இடைவெளி எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து இரண்டால் வகுக்கவேண்டும். 2017ல் லேபர் 47.9, கன்சர்வேட்டிவ் 44.8. லேபர் முன்னிலை 3.1. 2019ல் கன்சர்வேட்டிவ் 47.9, லேபர் 41.0. கன்சர்வேட்டிவ் முன்னிலை 6.9. மொத்த நகர்வு 10.0, பாதி 5.0. நூறு பேரில் ஐந்து பேர் பக்கம் மாறினால் இந்த விளைவு வரும் என்று பொருள். இரண்டு தேர்தலிலும் ஜெயித்தவரின் விழுக்காடு 47.9 என்பது தற்செயல்தான், ஆனால் அழகான தற்செயல்.

இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் இடங்களும் உண்டு. மூன்றாவது ஆள் பலமாக இருந்தால் பொருள் இழக்கும். 1973க்கு லிங்கனில் சாய்வு போடுவது வீண்வேலை, ஜெயித்தவர் முந்தைய தேர்தலில் வேறு கட்சிக்காரர். 2024க்கும் அதே சிக்கல் கொஞ்சம் உண்டு: பக்கம் மாறாமல் மூன்றாம் கட்சிக்குப் போனதையும் கணக்கு பக்கம் மாறியதாகவே காட்டும். எல்லை மாறினாலும் பொய்க்கும். லிங்கனோடு சுற்றுக் கிராமங்கள் சேர்வதும் பிரிவதும் வழக்கம். பிரேஸ்பிரிட்ஜ் ஹீத், ஸ்கெல்லிங்தார்ப் மாதிரி இடங்கள் உள்ளே வந்தால் கன்சர்வேட்டிவ் பலம் கூடும். 1983க்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை நேரடியாக ஒப்பிடுவது ஆட்டையும் மாட்டையும் ஒரே தராசில் நிறுப்பது. 1992ன் 28,792 அவ்வளவு பெரிதாகத் தெரிவதற்கும் அகன்ற எல்லை ஒரு காரணம்.

நம் ஊர்ப் பழக்கத்தில் ஒருவர் அடுத்துக் கேட்பது, “சாலுரான் வாரியா ரிசல்ட் எங்கே?” என்பதாக இருக்கும். கிடைக்காது. நம்மிடம் ஒவ்வொரு சாலுரானிலும், அதாவது சாவடிக்குள் இருக்கும் ஒவ்வொரு ஓட்டு வரிசையிலும், தனித்தனியாக எண்ணி 14ஆம் பாரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். முதல் சாலுரானில் வயதானவர்கள், கடைசியில் இளையவர்கள் என்று அடுக்குவதால், எந்த வயதுக்காரர் யாருக்குப் போட்டார் என்றுகூட ஊகிக்கலாம். பிரிட்டனில் பெட்டிகள் எல்லாம் ஒரே மண்டபத்துக்கு வரும். ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டு எண்ணிக்கை சரியா என்று மட்டும் முதலில் பார்த்துவிட்டு, பல பெட்டிச் சீட்டுகளைக் கலந்த பிறகே யாருக்கு எவ்வளவு என்று எண்ணுவார்கள். மேட்டு ஓட்டு, பள்ளத்து ஓட்டு என்று அதிகாரபூர்வ எண் எதுவும் கிடையாது. நகர மன்றத் தேர்தலின் வட்டார முடிவுகளை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும். எல்லை மாறும்போது டிவிக்காரர்கள் பயன்படுத்தும் ‘பழைய முடிவு புதிய எல்லையில்’ என்ற கற்பனைக் கணக்கும் அப்படித்தான் போடப்படுகிறது. அதை நிஜ முடிவு என்று நினைத்து மேற்கோள் காட்டுபவர்கள் ஏராளம்.

வைப்புத்தொகையிலும் ஒரு பிறழ்ச்சி. 1973ல் அங்கே 150 பவுன், எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் பறிமுதல். அன்று பதிவான 37,738ல் எட்டில் ஒரு பங்கு ஏறத்தாழ 4,717. கின்னஸ் தப்பினார், கடைசி மூவரும் இழந்தார்கள். 1985ல் அதை 500 பவுனாக்கி, வரம்பை 5 விழுக்காடாக இறக்கிவிட்டார்கள். நாம் பழைய எட்டில் ஒரு பங்கையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம், தொகை மட்டும் நாடாளுமன்றத்துக்கு 10,000 ரிங்கிட். அங்கே கழித்துப்போட்ட சட்டை இங்கே இன்னும் கொடியில் காய்கிறது.

கடைசியாக, பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியிருக்கும் வீடுகளுக்கு. பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், படிப்பு விசாவில் இருந்தாலும், 18 வயதானால் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப்போடத் தகுதி உள்ளவர்கள். மலேசியரும் அதில் அடக்கம். தானாகப் பதிவாகாது, தேர்தலுக்கு 12 வேலைநாளுக்கு முன் விண்ணப்பிக்கவேண்டும். விடுதி முகவரி ஒன்று, விடுமுறையில் தங்கும் முகவரி ஒன்று என்று இரண்டு தொகுதியில் பதிந்திருக்கலாம். பொதுத்தேர்தலில் ஒன்றில் மட்டுமே ஓட்டு, இரண்டிலும் போட்டால் குற்றம். சாவடியில் படத்துடன் அடையாள ஆவணம் காட்டும் விதி 2023ல் வந்தது. மலேசியக் கடப்பிதழ் ஏற்பார்கள், நம் அடையாள அட்டையான மைகார்டு அங்கே செல்லாது.

ஆனால் விண்ணப்பிக்கும் முன் நம் அரசியலமைப்பின் 24ஆம் பிரிவை ஒருமுறை படிக்கவேண்டும். வெளிநாட்டுத் தேர்தலில் ஓட்டுப்போடுவது அந்நாட்டு உரிமையை விரும்பிப் பயன்படுத்தியதாகக் கருதப்படும் என்கிறது அதன் 3ஏ உட்பிரிவு. குடியுரிமை பறிப்பைச் சொல்லும் 2ஆம் உட்பிரிவோ, அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரிய உரிமையைப் பற்றிப் பேசுகிறது. பிரிட்டிஷ் ஓட்டு அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல என்று ஒருவர் வாதிடலாம், இன்னொருவர் 3ஏயை நீட்டலாம். வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்வது நல்லது. அடுத்த பிரிட்டிஷ் பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாகவேண்டும், கேட்பதற்கு அவகாசம் இருக்கிறது.